கேட் மென்பொருளில் வரைந்ததை டை வரை கொண்டுபோவது எப்படி? முதல்முறை இறங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் சொட்டுநீர்ப் பைப்பின் கடைசி முனையை மடித்து, எட்டு வடிவ பிளாஸ்டிக் வளையத்தில் சொருகித்தான் அடைத்திருப்போம். உள்ளே மண்ணும் உப்பும் சேர்ந்தால் அந்த முனையைத் திறந்து, தண்ணீரை வேகமாக விட்டுக் கழுவ வேண்டும். தோப்பு முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முனைகள். வெயிலில் காய்ந்து இறுகிய வளையங்களை இழுத்து இழுத்து அப்பாவின் விரல் நுனிகள் வெடித்துப்போயிருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் திறக்கிற ஒரு கிளிப்பை நாமே செய்துவிட்டால் என்ன என்று நினைத்தேன்.

நான் படித்தது பி.காம். கேட் மென்பொருளில், அதாவது பொருளை அளவோடு கணினியில் வரையும் மென்பொருளில், முதல் கோடு போட்ட நாளிலிருந்து முதல் நல்ல கிளிப் கையில் வந்த நாள்வரை 14 மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் ஏழெட்டு மாதத்தில் முடிந்திருக்கும். மீதி மாதங்கள் எங்கே போயின என்பது எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு அவை மிச்சமாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். என்னுடையது சின்ன பிளாஸ்டிக் பொருள். உங்களுடையது வேறாக இருந்தாலும் வரிசை பெரும்பாலும் இதுதான்.

1. மென்பொருளைத் திறக்கும் முன் அளந்து எழுதுங்கள்

டிஜிட்டல் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்குங்கள். 150 மி.மீ. நீளமுள்ளது போதும். எனக்கு 1,400 ரூபாய் ஆனது. ஸ்கேல் வைத்து அளந்த எண்களோடு மென்பொருளில் உட்காராதீர்கள்.

அளக்கும்போது பொருளை அது வேலை செய்கிற நிலையில் வைத்து அளக்க வேண்டும். என் முதல் தவறே இங்கேதான். 16 மி.மீ. பைப் என்பதால் கிளிப்பின் வாயை 17 மி.மீ. அகலத்துக்கு வரைந்துவிட்டேன். ஆனால் கிளிப் பிடிக்கப்போவது உருண்டையான பைப்பை இல்லை, மடித்து நசுங்கிய பைப்பை. உருண்டைக் குழாயைத் தட்டையாக்கினால் அதன் அகலம் சுற்றளவில் பாதியாகிவிடும். 16 மி.மீ. பைப்புக்கு அது ஏறக்குறைய 25 மி.மீ. மடித்த இடத்தில் நான்கு சுவர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரும். பைப்பின் சுவர் ஒரு மி.மீ. என்றால் தடிமன் நான்கு மி.மீ.க்குக் குறையாது. ஒரு துண்டு பைப்பை மடித்துக் காலிப்பரில் வைத்திருந்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும். எனக்கு மூன்று வாரம் கழித்து, முதல் மாதிரி கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது.

ஒரு கம்பெனியின் பைப்பை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள். நான்கைந்து கடைகளில் துண்டு வாங்கி எல்லாவற்றையும் அளந்து, மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்று குறியுங்கள். உங்கள் பொருள் அந்த இரண்டுக்கும் வேலை செய்ய வேண்டும்.

அப்புறம் ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி மேசைமேல் ஒட்டிவிடுங்கள்: எங்கே இருக்கும் (வெயிலா, நிழலா, தண்ணீரிலா), எத்தனை முறை திறந்து மூடும், யார் கை அதைத் தொடும், எத்தனை வேண்டும். கடைசிக் கேள்வி மிக முக்கியம். 20 கிளிப் போதும் என்றால் பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக வைத்து உருவாக்கும் 3டி பிரிண்டிங்கோடு நின்றுவிடலாம். ஐயாயிரம் வேண்டும் என்றால் டை, அதாவது உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி வார்க்கும் இரும்பு அச்சு, போட வேண்டும். இரண்டுக்கும் வரைகிற முறையே வேறு.

2. மென்பொருள்: விலையைப் பார்க்கும் முன் உரிமத்தைப் பாருங்கள்

இலவசமாகக் கிடைப்பவை எல்லாம் ஒரே மாதிரி இலவசம் இல்லை. இதைப் படிக்காமல் விட்டவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன்.

ஃப்யூஷன் என்ற கேட் மென்பொருளின் தனிநபர் இலவச உரிமம் வணிகத்துக்கானது அல்ல. ஆண்டுக்கு 1,000 டாலருக்குக் கீழ் வருமானம் என்ற வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் திருத்தக்கூடிய கோப்புகளும் 10தான். கற்றுக்கொள்ள நல்ல மென்பொருள். ஆனால் விற்கப்போகும் பொருளை அதில் வரைவதானால் கட்டண உரிமம் எடுக்க வேண்டும்.

ஆன்ஷேப் என்ற இன்னொரு மென்பொருளின் இலவசக் கணக்கில் நீங்கள் வரைவது எல்லாம் பொதுவில் இருக்கும், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். காப்புரிமை கேட்கும் எண்ணம் இருந்தால் இது பெரிய ஆபத்து. ஏன் என்று 6ஆம் படியில் சொல்கிறேன்.

நான் ஃப்ரீகேட் எடுத்தேன். திறந்த மூல மென்பொருள், வணிகத்துக்கும் தடையில்லை. 2024 நவம்பரில் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு முந்தைய பதிப்புகளில், முன்னால் வரைந்த ஒன்றை மாற்றினால் பின்னால் போட்ட வளைவுகள் வேறு விளிம்புக்குத் தாவிவிடும். 1.0இல் அது வெகுவாகக் குறைந்திருக்கிறது. பழைய பதிப்பை வைத்து எடுத்த பயிற்சிக் காணொளிகள் இன்னும் நிறைய சுற்றுகின்றன. 1.0 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்று பார்த்து எடுங்கள். இல்லையென்றால் அவர்கள் காட்டும் பட்டன் உங்கள் திரையில் இருக்காது.

திருட்டுப் பதிப்பு வேண்டவே வேண்டாம். உங்கள் பொருள் நன்றாக விற்க ஆரம்பிக்கும் நாளில்தான் அதன் வக்கீல் நோட்டீஸும் வரும்.

கணினிக்குப் பெரிதாகச் செலவழிக்க வேண்டாம். இந்த அளவுப் பொருளுக்கு 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண மடிக்கணினி போதும். ஆனால் நடுவில் சக்கரம் உள்ள மவுஸ் கட்டாயம். டச்பேடில் வரைந்தால் ஒரே வாரத்தில் வெறுத்துவிடும்.

கற்றுக்கொள்ள ஆகும் காலம்: தினமும் ஒன்றரை மணி நேரம் என்று ஆறு வாரம். ஃப்ரீகேடுக்குள் இருக்கும் ஸ்கெட்சர் (தட்டைக் கோட்டுப் படம்), பார்ட் டிசைன் (அதிலிருந்து 3டி உருவம்), டெக்டிரா (தாள் வரைபடம்) மூன்றும் தெரிந்தால் போதும். மற்ற பகுதிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

3. எதில் செய்யப்போகிறோம் என்பது முடிவாகாமல் கோடு போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். திரையில் எந்த வடிவமும் சாத்தியம். பட்டறையில் அப்படி இல்லை. நான் வரைந்த முதல் கிளிப் திரையில் அழகாகச் சுழன்றது. அதை டை போடுபவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை டைக்குள்ளிருந்து எப்படிங்க வெளியே எடுக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நான்கு மாத வேலை அந்த ஒரு கேள்வியோடு முடிந்தது.

இன்ஜெக்ஷன் மோல்டிங் என்றால் இரண்டு இரும்புக் கட்டைகள் மூடும், நடுவில் உருகிய பிளாஸ்டிக் பாயும், ஆறும், கட்டைகள் திறக்கும், பொருள் வெளியே விழும். ஆகவே கட்டைகள் திறக்கும் திசை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதை வைத்து மற்றதெல்லாம் வரும்.

சரிவு: திறக்கும் திசையில் நிற்கிற ஒவ்வொரு சுவரும் ஒன்று அல்லது இரண்டு டிகிரி சாய்ந்திருக்க வேண்டும். பட்டறையில் டிராஃப்ட் என்பார்கள். நேர்ச்சுவராக விட்டால் பொருள் டையில் ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது கீறும். 20 மி.மீ. உயரச் சுவரில் ஒரு டிகிரி என்றால் மேலுக்கும் கீழுக்கும் 0.35 மி.மீ. வித்தியாசம் வரும். இரண்டு துண்டுகள் பொருந்தும் இடத்தில் இந்த 0.35ஐக் கணக்கில் சேர்க்க மறந்தால் ஒரு முனையில் ஆடும், மறுமுனையில் நுழையாது.

தடிமன்: எல்லா இடத்திலும் ஒரே தடிமன் வையுங்கள். சின்னப் பொருள்களுக்கு ஒன்றரை முதல் மூன்று மி.மீ. வரை. பலமாக இருக்கட்டும் என்று ஒரு இடத்தை மட்டும் கட்டையாக வைத்தால் அந்த இடம் மெதுவாக ஆறி உள்வாங்கும், மேலே குழி விழும். பலம் வேண்டுமென்றால் உள்பக்கம் ரிப், அதாவது மெல்லிய தாங்குசுவர், கொடுங்கள். ரிப்பின் தடிமன் சுவரில் 50, 60 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும்.

அண்டர்கட்: கட்டைகள் திறக்கும் திசைக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி, பக்கவாட்டு ஓட்டை போன்றவை. இவற்றுக்கு டைக்குள் பக்கவாட்டில் நகரும் துண்டு தனியாக வைக்க வேண்டும், விலை ஏறும். பல சமயம் கொக்கிக்கு நேர் கீழே ஒரு ஓட்டை விட்டால் அந்தத் துண்டே தேவைப்படாது. என் கிளிப்பின் கொக்கிக்குக் கீழே உள்ள செவ்வக ஓட்டை அப்படி வந்ததுதான். அழகுக்கு இல்லை.

பிளாஸ்டிக் வகை: கிளிப் அடிக்கடி மடங்கித் திறக்க வேண்டும் என்பதால் பாலிப்ரொப்பிலீன், பேச்சுவழக்கில் பிபி, எடுத்தேன். ஷாம்பூ மூடியில் மூடியையும் கழுத்தையும் சேர்க்கும் மெல்லிய பட்டை இருக்கிறதே, அதுவும் பெரும்பாலும் இதே பிபிதான். என் கிளிப்பும் அப்படி ஒரு பட்டையில்தான் மடங்குகிறது. அந்தப் பட்டையின் தடிமன் கால் முதல் அரை மி.மீ. வரை இருக்க வேண்டும். தடிமன் கூடினால் சீக்கிரம் வெடித்துவிடும் என்பது நம்பவே கடினமான விஷயம், ஆனால் அதுதான் உண்மை. உருகிய பிளாஸ்டிக் அந்தப் பட்டையைக் குறுக்காகக் கடந்து பாய்கிறமாதிரி நுழைவாயை வைத்தால்தான் அதற்கு உழைக்கும் பலம் வரும். இதை டை போடுபவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெயிலில் கிடக்கும் பொருள் என்றால் புற ஊதாக் கதிர்த் தடுப்பு சேர்க்காத பிபி ஓராண்டுக்குள் நொறுங்க ஆரம்பித்துவிடலாம். சொட்டுநீர்ப் பொருள்கள் பெரும்பாலும் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதில் கலக்கும் கார்பன் கறுப்பு. பச்சை நிறத்தில் போடலாம் என்ற என் ஆசையை நான் அங்கேயே விட்டுவிட்டேன்.

4. வரைதல்: எண்களுக்குப் பெயர் வையுங்கள்

ஃப்ரீகேடில் ஸ்ப்ரெட்ஷீட் ஒன்று திறந்து, முக்கிய அளவுகளை எல்லாம் அதில் பெயரோடு எழுதுங்கள்: பைப் அகலம், பைப் தடிமன், சுவர், இடைவெளி, கொக்கி நீளம். ஸ்கெட்சில் நேரடியாக 25.4 என்று அடிக்காமல் அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள். நாளைக்கு 12 மி.மீ. பைப்புக்கு ஒரு கிளிப் வேண்டும் என்றால் ஒரு எண்ணை மாற்றினால் முழு உருவமும் மாறும். நான் இதைச் செய்யாமல் முதல் மூன்று உருவங்களை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து வரைந்தேன்.

ஒவ்வொரு ஸ்கெட்சும் முழுதாகக் கட்டுப்பட்டபின்தான், அதாவது எந்தக் கோடும் நகர முடியாதபடி அளவும் இடமும் கொடுத்தபின்தான், வெளியே வர வேண்டும். கோடுகள் பச்சையானால் கட்டுப்பட்டுவிட்டது என்று பொருள். வெள்ளையாக ஒரு கோடு மிச்சமிருந்தாலும் அது ஒரு நாள் உங்களுக்குத் தெரியாமல் நகரும்.

விளிம்பு வளைவுகளைக் கடைசியில் போடுங்கள். புது ஸ்கெட்சை உருவத்தின் ஒரு முகத்தில் ஒட்டாமல் அடிப்படைத் தளங்களில் ஒட்டுங்கள். இந்த இரண்டு பழக்கமும் இருந்தால் உருவம் உடைவது பெரிதும் நின்றுவிடும்.

கொக்கிக்கு ஒரு கணக்கு உண்டு. கட்டாயம் போட்டுப் பாருங்கள். வளைகிற கையின் தடிமனை, அது வளைய வேண்டிய தூரத்தால் பெருக்கி, மறுபடி ஒன்றரையால் பெருக்குங்கள். வந்ததைக் கையின் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்தால், பிளாஸ்டிக் எவ்வளவு இழுபடுகிறது என்பது கிடைக்கும். என் முதல் கொக்கி 2.5 மி.மீ. தடிமன், 8 மி.மீ. நீளம், 1.2 மி.மீ. வளைவு. கணக்குப் போட்டால் 7 விழுக்காடு. அடிக்கடி திறக்கும் பொருளுக்கு அது மிக அதிகம். தடிமனை 2 ஆக்கி, நீளத்தை 12 ஆக்கினேன். 2.5 விழுக்காட்டுக்கு இறங்கியது. இரண்டு எண்கள் மாறியதும் ஒரே நாளில் வெளுத்துப்போய் விரிசல் விட்ட கொக்கி, மாதக்கணக்கில் தாங்கும் கொக்கியானது. மென்பொருளுக்குள் இருக்கும் விசைப் பகுப்பாய்வுப் பகுதியில் வண்ணப் படம் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் காகிதக் கணக்கைப் போடுங்கள். வண்ணப் படம் தவறாக வந்தால் அது தவறு என்று அறிய இந்த எண் வேண்டும்.

கோப்புப் பெயரில் தேதியும் பதிப்பெண்ணும் இருக்கட்டும். "கடைசி", "புதுக்கடைசி" என்று பெயர் வைத்து, பழைய கோப்பை பிரிண்டிங்குக்கு அனுப்பி இரண்டு முறை பணம் போனது எனக்கு.

5. அச்சடித்துப் பார்த்தல்

சொந்தமாக பிரிண்டர் வாங்காதீர்கள், முதல் பொருளுக்குத் தேவையில்லை. கோவையில் கிராம் கணக்கில் அச்சடித்துத் தருகிறார்கள். எனக்குக் கிராமுக்கு 10 ரூபாய் ஆனது. மொத்தம் 11 சுற்று அச்சடித்ததில் 3,200 ரூபாய் போனது. கொடுத்த இரண்டு மூன்று நாளில் கிடைத்தது.

பிரிண்டிங் கடைக்கு அனுப்பும் எஸ்டிஎல் வகைக் கோப்பில் அளவு அலகு கிடையாது. அதில் 25 என்று இருந்தால் மில்லிமீட்டரா அங்குலமா என்று கோப்புக்குத் தெரியாது. 25.4 மடங்கு சிறிதாகவோ பெரிதாகவோ வந்துவிடும். கோப்போடு "நீளம் 58 மி.மீ." என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள்.

பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு அருகிலேயே இளகும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்த மாதிரி எனக்கு வளைந்துபோனது. உருவம் பார்க்க மட்டும் பிஎல்ஏ, தோப்பில் வைத்துப் பார்க்க பெட்ஜி என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக். பிபி இழையும் கிடைக்கிறது, ஆனால் அச்சுத் தட்டில் ஒட்டாமல் சுருண்டு எழும்பும் என்பதால் பெரும்பாலான கடைகளில் செய்து தர மாட்டார்கள்.

வளையும் கொக்கியைப் படுக்கவைத்து அச்சடிக்கச் சொல்லுங்கள். நிற்கவைத்து அடித்தால் அடுக்குகள் குறுக்கே வரும், முதல் அழுத்தலிலேயே அடுக்கோடு அடுக்காகப் பிரியும். அப்படி உடைந்தால் உங்கள் வடிவம் தவறு என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் துண்டுகளுக்கு ஒவ்வொரு பக்கமும் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விடுங்கள். நான் கடைப்பிடித்த இன்னொரு வழி: முழுப் பொருளையும் அடிக்காமல், பொருந்தும் இடத்தை மட்டும் வெட்டி நாலைந்து இடைவெளிகளில் சின்னத் துண்டுகளாக அடித்துப் பார்ப்பது. 40 ரூபாயில் பதில் கிடைக்கும்.

மெல்லிய மடிப்புப் பட்டையை 3டி பிரிண்டில் சரியாகச் சோதிக்க முடியாது. நான் கிளிப்பை இரண்டு துண்டாகப் பிரித்து, 2 மி.மீ. ஓட்டை விட்டு, பிரிண்டரில் போடும் 1.75 மி.மீ. இழைத் துண்டையே ஆணியாகச் சொருகிக் கீல் ஆக்கினேன். திறப்பதும் மூடுவதும் கைக்கு எப்படி இருக்கிறது என்று அதில் தெரிந்துவிட்டது. ஏழாவது மாதிரியை அப்பாவிடம் கொடுத்தேன். அவர் எதுவும் சொல்லாமல் அழுத்தும் இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். ஈரக் கைக்கு வழுக்குகிறது என்று புரிந்தது. மூன்று வரி மேடு அப்படித்தான் வந்தது. மாதிரியைக் கொடுத்தால் கேள்வி கேட்காதீர்கள், கையைப் பாருங்கள்.

6. வெளியே காட்டும் முன் விண்ணப்பம் போடுங்கள்

முகநூலில் படம் போடுவது, விவசாயக் கண்காட்சியில் வைப்பது, கடைக்காரருக்கு வாட்ஸப்பில் அனுப்புவது எல்லாம் இதற்குப் பிறகுதான். பொதுவெளிக்கு வந்துவிட்ட ஒன்று புதியது அல்ல என்று ஆகிவிடும், அப்புறம் பதிவு கிடைப்பது கடினம். ஆன்ஷேப் இலவசக் கணக்கைப் பற்றி எச்சரித்தது இதனால்தான். பிரிண்டிங் கடைக்குக் கோப்பு அனுப்பும்போதும் "இது ரகசியம், வேறு யாருக்கும் தரக் கூடாது" என்று மின்னஞ்சலில் எழுதி, சம்மதம் என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

இரண்டு வகைப் பாதுகாப்பு உண்டு. பலரும் குழப்பிக்கொள்வார்கள்.

கண்ணுக்குத் தெரியும் உருவத்துக்கு வடிவமைப்புப் பதிவு, 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ். 10 ஆண்டு, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்குக் கட்டணம் 1,000 ரூபாய். படிவம் 1, அதோடு எல்லாப் பக்கங்களிலிருந்தும் பொருளின் படங்கள், எது புதியது என்ற ஒரு வாசகம், பொருள் எந்த வகை என்று சொல்லும் லொகார்னோ வகுப்பு எண். ஆட்சேபம் வந்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் சரிசெய்ய வேண்டும்.

வேலை செய்யும் விதத்துக்குக் காப்புரிமை, 20 ஆண்டு. உடனே முழு விவரமும் எழுத முடியாது என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். தனிநபருக்கு மின்வழியில் 1,600 ரூபாய், தாளாகக் கொடுத்தால் 1,750. அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுத்தாக வேண்டும், தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். ஆய்வு செய்யுங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டும், அதற்கு 4,000 ரூபாய். 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான கெடு 48 மாதத்திலிருந்து 31 மாதமாகக் குறைந்திருக்கிறது. பழைய கட்டுரைகளைப் படித்து ஏமாறாதீர்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

பொருளின் இயக்கம் மட்டுமே தீர்மானிக்கிற வடிவத்துக்கு வடிவமைப்புப் பதிவு கிடைக்காது. என் கிளிப்பில் கொக்கிக்குக் காப்புரிமை விண்ணப்பம், வெளித்தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு என்று பிரித்துப் போட்டேன். போடும் முன் இந்தியக் காப்புரிமைத் தேடல் தளமான இன்பாஸிலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இரண்டு முழு நாள் தேடுங்கள். மின்வழியில் விண்ணப்பிக்க டிஜிட்டல் கையெழுத்து எடுக்கவே எனக்கு மூன்று நாள் போனது, அதை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

கேட் மென்பொருள் இங்கே பெரிய உதவி. காப்புரிமைப் படங்கள் ஏ4 தாளில், மேலும் இடதும் 4 செ.மீ., கீழும் வலதும் 3 செ.மீ. ஓரம் விட்டு, வெறும் கோட்டுப் படமாக இருக்க வேண்டும். டெக்டிராவில் அப்படி ஒரு தாளை ஒருமுறை அமைத்துக்கொண்டால் போதும். அளவுகளைப் போடாதீர்கள், பாகங்களுக்கு எண் மட்டும். பட்டறைக்கான வரைபடத்தையே இங்கே அனுப்புவது பலர் செய்கிற பிழை.

முழு விவரக்குறிப்பை எழுதுவதை மட்டும் காப்புரிமை முகவரிடம் விடுங்கள். உரிமைகோரல் வாசகங்களில் ஒரு சொல் தவறினாலும் பாதுகாப்பு ஓட்டையாகிவிடும்.

7. பட்டறைக்கான வரைபடம்

3டி கோப்பு இருக்கிறதே, வரைபடம் எதற்கு என்று கேட்காதீர்கள். எந்த அளவு உயிர்நிலை, எது எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்பதை 3டி கோப்பு சொல்லாது. பிரச்சினை வரும்போது இரண்டு தரப்பும் கையில் பிடித்துப் பேசுவதும் அந்தத் தாளைத்தான்.

பொருளின் பல பக்கப் படங்களைத் தாளில் அடுக்க இரண்டு முறை உண்டு. நம் நாட்டுப் பட்டறைகளில் முதற்கோண முறையில் படிப்பார்கள். மென்பொருள் மூன்றாம்கோண முறையில் படம் போட்டால் இடப்பக்கம் வலப்பக்கமாக மாறிவிடும். முறையைச் சொல்லும் கூம்புக் குறி தாளின் மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லா அளவுக்கும் 0.05 என்று டாலரன்ஸ் (அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு) போடாதீர்கள், விலை இரண்டு மடங்காகும். என் கிளிப்பில் மூன்று அளவுகளுக்குத்தான் தனி டாலரன்ஸ். மற்றவற்றுக்குப் பொது டாலரன்ஸ். பலர் அங்கே ஐஎஸ் 2102 என்று பழக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அது உலோக வெட்டு வேலையை மனதில் வைத்த தரம், சுருங்கி வளையும் பிளாஸ்டிக்குக்கு அப்படியே பொருந்தாது. டை போடுபவரோடு பேசி முடிவுசெய்து எழுதுங்கள்.

தாளில் கட்டாயம் இருக்க வேண்டியவை: பிளாஸ்டிக் வகை, நிறம், எடை, பதிப்பெண், தேதி. எடையை மென்பொருளே தரும். கன அளவு 4.2 கன செ.மீ., பிபியின் அடர்த்தி 0.905 என்றால் 3.8 கிராம். பின்னால் ஒரு கிளிப்புக்கு இத்தனை கிராம் என்று கணக்கு வரும்போது உங்கள் கையில் இந்த எண் இருக்கும்.

8. டை போடுபவரிடம்

குறைந்தது நான்கு பேரிடம் விலை கேளுங்கள். எனக்கு ஒரே கிளிப்புக்கு 45,000 முதல் 1,30,000 வரை சொன்னார்கள். ஏமாற்றுவதால் வரும் வித்தியாசம் இல்லை அது. எந்த இரும்பு, எத்தனை பள்ளம் (ஒரு தடவைக்கு அத்தனை கிளிப் வரும்), எத்தனை ஷாட் (டை ஒருமுறை மூடித் திறப்பது) தாங்கும் என்பது மாறுகிறது. அதைக் கேட்காமல் விலையை ஒப்பிடாதீர்கள். நான் 78,000க்கு முடித்தேன். மேலே 18 விழுக்காடு ஜிஎஸ்டி 14,040, ஆக 92,040. ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேளுங்கள், நான் கேட்கவில்லை.

கொடுக்க வேண்டிய கோப்பு ஸ்டெப் என்ற வகை. எஸ்டிஎல் முக்கோணங்களால் ஆனது, அதை வைத்து டையைச் சரியாக வெட்டுவது கடினம்.

சுருக்கம் பற்றி ஒரு பெரிய எச்சரிக்கை. பிபி ஆறும்போது ஒன்று முதல் இரண்டரை விழுக்காடு சுருங்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு, என் 3டி உருவத்தையே ஒன்றரை விழுக்காடு பெரிதாக்கி அனுப்பினேன். அவர்களும் வழக்கம்போல ஒன்றரை சேர்த்துவிட்டார்கள். 58 மி.மீ. கிளிப் ஏறக்குறைய 59 ஆக வந்தது, டையைத் திருத்த ஆறு வாரம் போனது. நீங்கள் கடைசியில் கையில் வேண்டிய அளவை மட்டும் வரையுங்கள். சுருக்கத்தைச் சேர்ப்பது டை போடுபவர் வேலை. இதைத் தாளிலும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று: டையில் இரும்பைச் சுரண்டி எடுப்பது சுலபம், சேர்ப்பது கடினம். இரும்பு குறைந்தால் பிளாஸ்டிக் கூடும். அதனால் கொக்கியின் பிடிமானத்தை முதலில் கொஞ்சம் குறைவாகவே வரையுங்கள். எனக்கு வேண்டியது 1.2 மி.மீ., வரைந்து கொடுத்தது 0.9. ட்ரையல் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டோம்.

முன்பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: டை யாருக்குச் சொந்தம், எங்கே இருக்கும், கேட்டால் எத்தனை நாளில் தர வேண்டும், டைக்கான கேட் கோப்புகள் யாருக்கு, எத்தனை ட்ரையல் விலைக்குள் அடக்கம், முதல் ட்ரையல் எந்தத் தேதி. பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: ஆரம்பத்தில் பாதி, முதல் ட்ரையலில் கொஞ்சம், அளவு சரியானபின் மீதி. காலம்: எட்டு வாரம் என்று சொன்னார்கள், பதினொரு வாரம் ஆனது. தீபாவளி, ஆயுத பூஜை நடுவில் வந்தால் இன்னும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

9. முதல் ட்ரையல் நாளில்

நேரில் போங்கள். காலிப்பர், வரைபடம், எல்லாக் கம்பெனிப் பைப் துண்டுகளும் பையில் இருக்கட்டும். இயந்திரம் சூடாகி நிலைக்கு வர நேரமாகும், முதலில் வரும் சில ஷாட்களை வைத்து முடிவெடுக்காதீர்கள். மடிப்புப் பட்டை உள்ள பொருளை டையிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு மூன்று முறை மடிக்க வேண்டும். அந்த மடிப்புதான் பட்டைக்கு ஆயுள் தருகிறது. இதை இயந்திரத்தில் நிற்பவருக்குச் செய்து காட்டுங்கள். அவர் செய்யாமல் பெட்டியில் போட்ட கிளிப்கள் பிறகு வெடிக்கும்.

பிபி ஆறியபின்னும் கொஞ்சம் சுருங்கிக்கொண்டே இருக்கும். அங்கேயே அளந்து சரி என்று கையெழுத்துப் போடாதீர்கள். 20 கிளிப்பை எண் எழுதி வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை அளந்து, அப்புறம் சொல்லுங்கள். நான் அப்படி அளந்ததில் மூன்றாவது அளவு 0.15 மி.மீ. குறைந்திருந்தது. மீதிப் பணம் என் கையில் இருந்ததால் ஒரு வாரத்தில் திருத்திக் கொடுத்தார்கள்.

திருத்தியபின் நடந்த கடைசி ட்ரையலில் வந்த கிளிப்களைத் தோப்புக்கு எடுத்துப் போனோம். மடித்த பைப்பில் மாட்டி மோட்டாரைப் போட்டோம், சொட்டுக்கூடக் கசியவில்லை. அப்பா ஒவ்வொரு வரிசையாக நடந்து, கட்டைவிரலால் அழுத்தித் திறந்து, சேற்றுத் தண்ணீர் தெளியும்வரை நின்று, மறுபடி மூடிக்கொண்டே போனார். ஒரு முனைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்கக் கைப்பேசியோடு பின்னால் போன நான், மூன்றாவது வரிசைக்குப் பிறகு குறிப்பதை விட்டுவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.